திருக்கழுக்குன்றத்தில் பெண் பார்த்த நாள்

எங்கள் ஊர்ப் பக்கம் பெண் பார்க்க வருகிறார்கள் என்றால் தங்கச்சிக்காரியை அடுத்த தெருவுக்கு அனுப்பிவிடுவார்கள். வந்தவன் கண் எங்கே போய் நிற்கும் என்று யார் கண்டது? எனக்குத் தங்கச்சி கிடையாது. அதனால் இந்தச் சூதானத்தை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

அப்போது ஒரகடத்தில், கார்களுக்கு வயர்க் கட்டு செய்யும் ஒரு கம்பெனியில் இருந்தேன். கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கியிருந்த எனக்குப் பக்கத்துக் கட்டில்காரி சாத்தூர்ப் பெண். ஒரே லைனில் வேலை, ஒரே வாளியில் துணி, ஒரே சோப்பு. ஒட்டிப் பிறந்ததுகள் என்று சூப்பர்வைசர் கேலி செய்வார்.

மாப்பிள்ளை கல்பாக்கத்தில் ஒரு காண்டிராக்டரிடம் எலக்ட்ரீஷியன். மணிமங்கலத்தில் பெண்ணெடுத்து அங்கேயே தங்கிவிட்ட என் சித்தப்பா பார்த்த இடம், எங்கள் ஆட்கள்தான். வீட்டுக்கு வந்து பஜ்ஜி தின்றுவிட்டு வேண்டாமென்று போனால் பெண்ணுக்குப் பெயர் கெட்டுவிடும். கோயிலில் வைத்துப் பார்த்தால் தற்செயலாகச் சந்தித்த கணக்கு. அப்படித்தான் இரண்டு பக்கத்துக்கும் தோதாகத் திருக்கழுக்குன்றம் என்று முடிவானது. போட்டோவைப் பார்த்த அன்றே எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. இது எப்படியாவது முடிந்துவிட வேண்டும் என்று நான் வேண்டாத சாமியில்லை.

கோயிலுக்குப் போகிற அன்று விடியும்வரை எனக்கு நைட் ஷிப்ட். லைனில் ஆள் இல்லை, பெர்மிஷன் கிடையாது என்றுவிட்டார்கள். சாத்தூர்க்காரிக்கு வார லீவு. நான் பஸ்ஸை விட்டு இறங்கும்போது வெந்நீர் போட்டு, சேலையைத் தேய்த்து, பூ வாங்கி வைத்திருந்தாள். தலைசீவி விட்டதும் அவள்தான். துணைக்கு வாடி என்று கூப்பிட்டது நான். அவளுக்கு அலங்காரம் எதுவும் இல்லை, பழைய சுடிதார். ஆனால் ராத்திரி நன்றாகத் தூங்கியிருந்தாள்.

சித்தியும் சேர்ந்துகொள்ள, செங்கல்பட்டு போய் பஸ் மாறினோம். வழி நெடுகச் சித்தி எனக்குப் பாடம் எடுத்துக்கொண்டே வந்தார். தலை நிமிராதே, கேட்டதற்கு மட்டும் பதில் சொல், வாயாடி என்று பெயரெடுத்துவிடாதே. மணிமங்கலத்துக்காரரான சித்தி வீட்டில் வாயை மூடி நான் பார்த்ததில்லை. ஆனாலும் தலையாட்டினேன்.

மலையடிவாரத்தில் அவரும் அவருடைய அம்மாவும் ‘தற்செயலாக’ நின்றார்கள். படிகள் செங்குத்து. பாதிகூட ஏறவில்லை, அவருடைய அம்மா முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பேச்சுத் துணைக்குச் சித்தியும். சின்னஞ்சிறுசுகள் போய்விட்டு வாருங்கள் என்று எங்கள் மூவரையும் அனுப்பினார்கள். அவர் என்னிடம்தான் கேட்டார், வேலை எப்படி, சாப்பாடு எப்படி என்று. தூக்கமில்லாத உடம்பு, ஏறிய மூச்சு, சித்தி எடுத்த பாடம். நான் தலையைக் குனிந்து படிகளைப் பார்த்தே ஏறினேன். எனக்காக அவள் பதில் சொன்னாள்.

என்னைப் பற்றி எவ்வளவு சொன்னாள். அவளுக்கு அம்மை போட்டபோது அறையிலிருந்த மற்றவர்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடியதையும், நான் மட்டும் வேப்பிலையோடு பக்கத்தில் கிடந்ததையும், பாதி சிரிப்பும் பாதி அழுகையுமாகச் சொன்னாள். அவர் படியில் நின்று கேட்டார். அப்புறம் என்ன ஆச்சு என்று கேட்டார். அவர் கேட்கக் கேட்க எனக்குப் பூரிப்பு. காரியம் கைகூடுகிறது என்று நினைத்தேன். மடச்சி.

உச்சியில் காற்று ஆளைத் தள்ளியது. கீழே பெரிய குளம், அதற்கப்பால் வயல், பனை, அதற்கும் அப்பால் கிழக்கே ஒரு நீலக் கோடு. கடல் என்றார். கொஞ்சம் தள்ளிக் கையை நீட்டி, அங்கேதான் கல்பாக்கம், என் ரூம் அந்தப் பக்கம் என்றார். நான் அந்தத் திசையையே பார்த்துக்கொண்டிருந்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்தச் சிறிது நேரத்தில் அங்கே குடித்தனமே நடத்திவிட்டேன். சாயங்காலம் கடற்கரைக்குப் போய் வந்து அவருக்குச் சோறும் போட்டாயிற்று. என் முதுகுக்குப் பின்னால் அவர்கள் இருவரும் பேசிக்கொண்டிருந்தார்கள்.

அடுத்த வாரம் சித்தி ஹாஸ்டலுக்கு வந்தார். வந்ததும் ஆரம்பிக்காமல் தண்ணீர் கேட்டுக் குடித்தார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“உன்ன வேணான்னு அவுங்க சொல்லல. கூட வந்துச்சே ஒரு பொண்ணு, அதுக்கு எங்கனா பாத்துகினு கீறாங்களான்னு கேக்குறாங்க.”

அதற்குள் அவளைப் பற்றி விசாரித்துமிருந்தார்கள். அவளும் எங்கள் சாதிசனம்தான் என்பது தெரிந்துபோயிருந்தது. யாரைக் குற்றம் சொல்வது? என்னைப் பற்றிச் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு சொன்னவளை அவருக்குப் பிடித்துப்போயிற்று. அவ்வளவு அழகாகச் சொன்னால் யாருக்குத்தான் பிடிக்காது.

சாத்தூருக்கும் ஆள் போயிற்று. அவளுடைய அப்பா போன் செய்த அன்று சாயங்காலம் மொட்டை மாடியில், கொடியில் காய்ந்த துணிகளுக்கு நடுவில், என் முகத்தைப் பார்க்காமல் நின்றாள். நான் உன்னைப் பற்றித்தானே சொன்னேன் என்று அழுதாள். முடியாது என்று சொல்லப் போவதாகவும் சொன்னாள். எனக்கும் அவள் அப்படியே சொல்லிவிட வேண்டும் என்றுதான் இருந்தது. அதே சமயம் அவளுக்குக் கீழே இரண்டு தங்கச்சிகள் என்பதும் எனக்குத் தெரியும்.

“ஏட்டி, உனக்கு அவரப் பிடிச்சிருக்கா?” என்று கேட்டேன்.

அவள் இல்லை என்று சொல்லவில்லை.

“அப்பம் சரின்னு சொல்லு” என்றேன்.

கல்யாணத்துக்கு லீவு கிடைக்கவில்லை என்று சொல்லிவிட்டேன். கேட்டால்தானே கிடைக்கும். அன்றும் நைட் ஷிப்ட் முடித்து வந்து படுத்தேன். தூக்கம் வரவில்லை. யாரிடமாவது எல்லாவற்றையும் கொட்டி அழுதுவிட்டால் போதும் என்றிருந்தது. சுவரைப் பார்த்துப் படுத்திருந்த நான் எழுந்து திரும்பி, ஏட்டி என்று கூப்பிட்டுவிட்டேன். பக்கத்துக் கட்டிலில் அவள் இடத்துக்குத் திண்டுக்கல்லிலிருந்து வந்த புதுப் பெண் அரண்டு போய் என்னக்கா என்றாள்.