அக்காவுக்கு ஒரு சாண் துணி

செத்துப் போனவர்கள் வளர மாட்டார்கள் என்பார்கள். எங்கள் வீட்டில் என் அக்கா வளர்ந்தாள். வருஷா வருஷம் தீபாவளிக்கு நான்தான் அவளை வளர்த்தேன், கத்தரிக்கோலும் கஞ்சிப் பசையும் வைத்துக்கொண்டு.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நியாலாஸ் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் இருந்தோம். அக்காவுக்குப் பதினொரு வயது. நான் ஒன்றரை வயது இளையவள். காய்ச்சல் என்று படுத்தவள் எழுந்திருக்கவே இல்லை. அவளுடைய படம் என்று வீட்டில் இருந்தது ஒன்றே ஒன்று. முந்தைய தீபாவளிக்கு ஜாசின் டவுனுக்குப் போய்ப் பெரிதாக எடுத்த படம். ஒரே துணியில் தைத்த மஞ்சள் கவுனில் இருவரும் நிற்கிறோம். அக்கா ரெட்டைச் சடையோடு, பல் விழுந்த ஓட்டை தெரியச் சிரிக்கிறாள். என் கை அவள் தோள்மேல் கிடக்கிறது.

அந்தப் படத்துக்கு மாலை போட வேண்டும். உயிரோடு இருக்கிற பிள்ளை சேர்ந்து நிற்கிற படத்துக்கு மாலை போடலாமா? அப்பா கத்தரிக்கோலை எடுத்து என்னை வெட்டி நீக்கினார். கையை மட்டும் வெட்ட முடியவில்லை. வெட்டினால் அக்காவின் தோளும் போய்விடும். என் பாதி எங்கே போனது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அவள் தோளில் என் விரல்கள் மட்டும் மிஞ்சின.

"ஐயோ, அந்தக் கைய மறைங்க! இவளையும் கூட்டிட்டுப் போயிடப் போறா," என்று அம்மா அலறினாள்.

அப்போதெல்லாம் தோட்டத்து வீடுகளில் சாமி படங்களுக்குத் துணி ஒட்டி அலங்காரம் செய்வார்கள். லட்சுமிக்குப் பட்டுச் சேலை, முருகனுக்கு ஜரிகை வேட்டி, ஓரமெல்லாம் சம்கி. அம்மாவுக்கும் அந்த வேலை தெரியும். ஆனால் பால்மரம் வெட்டி வெட்டி அவள் விரல்கள் வெடித்திருந்தன. பட்டுத் துணியைத் தொட்டால் நூல் இழுத்துக்கொண்டு வரும். அதனால் என்னிடம் கொடுத்தாள். மெல்லிய தாளைப் படத்தின்மேல் வைத்து அக்காவின் உருவத்தை வரைந்தேன். அந்தத் தாளின் அளவுக்குத் துணியை வெட்டி, கொசுவம் கலையாமல் தையல் போட்டு, ஓரத்தில் மட்டும் பசை தடவி ஒட்டினேன். நடுவில் பசை பட்டால் துணியில் கறை ஊறிவிடும். என் கையை நானே மறைத்தேன். பாவாடை சட்டையில் அக்கா அழகாகத்தான் இருந்தாள்.

அதோடு விட்டிருக்கலாம். அம்மா விடவில்லை. அடுத்த தீபாவளிக்கு எனக்கு எடுத்த துணியில் ஒரு சாண் வெட்டச் சொன்னாள்.

"ரெண்டு பேருக்கும் ஒரே துணிதானே எடுப்போம்?"

அதற்கு அடுத்த வருஷமும் அப்படியே. பழையதைக் கழற்றவும் விடமாட்டாள். "பொம்பளப் புள்ள துணிய அவுக்காதடி, மேலேயே ஒட்டு," என்பாள். நான் வயதுக்கு வந்தபோது சடங்குக்கு எடுத்த தாவணி முதலில் அக்காவுக்குத்தான் ஏறியது. எனக்கோ மூக்குக்கு மேல் கோபம் வந்தது.

"செத்தவளுக்குத்தான் இந்த வீட்டுல மொத மரியாதை லா!" என்று கத்திவிட்டேன்.

அம்மா திட்டவில்லை. துணியை என் மடியில் போட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். ரெண்டு அடி அடித்திருந்தாலாவது தேவலை. ஒட்டிக் கொடுத்தேன்.

பிறகு தோட்டத்தை விட்டுக் குருபோங்குக்கு வந்தோம். நான் ஃபேக்டரி வேலைக்குப் போனேன். அக்கா சேலைக்கு வந்துவிட்டாள். சுங்கை ரம்பாயிலிருந்து ஒரு மாப்பிள்ளை வீட்டார் என்னைப் பெண் பார்க்க வந்தார்கள், பிடித்துப்போய்க் கல்யாணமும் முடிவாயிற்று. கூரைச் சேலை வந்த அன்று சாயங்காலம், ரவிக்கைக்கு வெட்டியது போக மிஞ்சிய துண்டைப் பிடித்துக்கொண்டு அம்மா என் முன்னால் நின்றாள்.

"இத அவளுக்குக் கட்டிடு."

"அம்மா, இது கூரைம்மா!"

"அதுக்குத்தான் சொல்றேன். மூத்தவ இருக்கிறப்ப இளையவளுக்கு எப்படிடி தாலி ஏறும்? மொதல்ல அவளுக்கு முடியட்டும். இல்லாட்டி நான் கோயிலுக்கே வரமாட்டேன், பாத்துக்க."

அம்மா சொன்னால் சொன்னதுதான். அவள் இல்லாமல் நான் எப்படி மணவறையில் உட்காருவேன்? அழுகையும் ஆத்திரமுமாகப் படத்தை இறக்கினேன். ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிய துணியில் சட்டம் பிதுங்கிக் கிடந்தது. இன்னொன்று ஒட்டினால் கண்ணாடி மூடாது, கழற்றித்தான் ஆக வேண்டும் என்றேன். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

ஈரப் பஞ்சால் ஒற்றி ஒற்றி எடுத்தேன். சேலை வந்தது, தாவணி வந்தது, பாவாடைகள் வந்தன. எல்லாம் நான் போட்டுக் கிழித்த துணிகள். அடியில் மஞ்சள் கவுன். வெளிச்சம் படாமல் கிடந்ததால் என் விரல்கள் நேற்று எடுத்த மாதிரி இருந்தன. அவள் முகம்தான் வெளுத்திருந்தது.

பிறகு கூரைத் துண்டை மடித்துக் கொசுவம் வைத்தேன். ஜரிகைக் கரை தெரிய ஒட்டினேன். நெற்றிச்சுட்டிக்கு ஒரு சம்கி. எல்லாம் முடித்துவிட்டு அம்மாவைக் கூப்பிட்டேன்.

"வந்து பாரு, உன் கல்யாணப் பொண்ண!"

அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். குனிந்து பார்த்தாள்.

"என்னடி பண்ணி வெச்சிருக்க?"

"நீ சொன்னதத்தான்."

"ஐயோ, சின்னப் புள்ளடி இது! விழுந்த பல்லு இன்னும் மொளைக்கக்கூட இல்ல. இதுக்குப் போய்க் கூரை கட்டுவாங்களா? கழட்டுடி, கழட்டு!"

தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். "எம்புள்ள வளரவே இல்லயேடி, வளரவே இல்லயே," என்று மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். அக்காவைத் தூக்கிப் போன அன்றுகூட அவள் அப்படி அழுது நான் பார்க்கவில்லை. நானும் அவள் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன்.

பசை காயாததால் கூரை சுலபமாக வந்துவிட்டது. மஞ்சள் கவுனில் அக்கா மறுபடி நின்றாள், தோளில் என் கையோடு. மூடுவதற்குப் பழைய பாவாடைத் துணியைத் தேடினேன். அம்மா வேண்டாம் என்றாள். படத்தைத் துடைத்து ஆணியில் மாட்டிவிட்டு, அதற்குப் போட்டிருந்த பிளாஸ்டிக் மாலையை அவளிடம் நீட்டினேன். வாங்கவில்லை.

"கை இருக்குதுல்ல," என்றாள். "உயிரோட இருக்கிறவ கை. மாலை போடக் கூடாது."

என் கல்யாணத்துக்கு அம்மா வந்தாள். அந்தப் படத்துக்கு அதன்பிறகு மாலை போடவே இல்லை.