நாலு இருபது பதினைந்து

மாரி கண்டுபிடித்த கணக்கை என்னுடையது என்று சொன்னவன் நான். இன்று வங்கியில் பிரெஞ்சு ராணுவப் பென்ஷன்காரர் ஒருவர் தன் டோக்கன் எண்ணை "கத்ர-வேன்-கேன்ஸ்" என்று முணுமுணுத்தார். தொண்ணூற்றைந்தை பிரெஞ்சில் நாலு இருபது பதினைந்து என்றுதான் சொல்வார்கள்.

எழுபதுகளில் சாரம் பகுதியில், மாரியின் பக்கத்து வீட்டுப் பென்ஷன்காரரும் அப்படித்தான் எண்ணுவார். ஆலைத் தொழிலாளி மகனான மாரி, என் வகுப்புத் தோழன், அதைக் கேட்டுக் கேட்டு ஒருநாள் சொன்னான்.

"டேய், இருபது இருபதா எண்ணிப் பாரு. நாலும் பதினஞ்சும் கூட்டினா பத்தொம்போது. தொண்ணூத்தஞ்சு பத்தொம்போதால வகுபடுது. எழுபத்தாறு, மூணு இருபது பதினாறு. அதுவும் அப்படித்தான். நம்ம எண்ணிக்கையில இலக்கத்தக் கூட்டினா ஒம்போதால வகுபடுமான்னு தெரியும்ல, அந்த ஒம்போது செய்யற வேலைய அங்க பத்தொம்போது செய்யுது."

கணக்குக் கண்காட்சிக்கு வகுப்பிலிருந்து ஒருவரைத்தான் அனுப்புவார்கள். இருவர் நோட்டிலும் அதே கணக்கு இருந்தது. யார் யாரைப் பார்த்து எழுதியது என்று வாத்தியார் கேட்டார்.

"அவன்தான் சார் என்னப் பாத்து எழுதினான்," என்றேன்.

நான் கண்காட்சிக்குப் போனேன். மாரி மறு வருடம் ஆலைக்குப் போனான்.

எண்பதுகளில், கல்லூரி ஆசிரியரான பிறகு, அந்தக் கணக்கை அவன் பெயரிலேயே ஓர் இதழில் அச்சிடச் செய்தேன். இதழை அவன் வீட்டுக்கு எடுத்துப்போய், நான் செய்ததற்கு மன்னிப்புக் கேட்டேன். அவன் தன் பெயரை இரண்டு முறை படித்தான்.

"பேரு என்னுதுதான். கணக்கு மறந்துபோச்சு, சொல்லு."

சொன்னேன். முழுவதும் கவனமாகக் கேட்டான்.

"நல்லாருக்குடா," என்றான். "நீ கண்டுபுடிச்சதா?"