மூட்டைக்குப் பதிலாக நான்

சீகிரியா மலைப்படியில் கால் பிசகிக்கொள்கிறவர்கள் அடிக்கடி என் த்ரீவீலில் ஏறுவார்கள். ஆஸ்பத்திரி போய்ச் சேரும்வரை நான் சும்மா இருக்கமாட்டேன். ஐஸ் வையுங்கள், காலைத் தலையணையில் தூக்கி வையுங்கள், வீக்கம் வற்றியதும் பாதத்தை மெல்லச் சுழற்றுங்கள், வலி போய்விட்டது என்று நினைத்து உடனே பாரம் தூக்கிவிடாதீர்கள் என்று வழியெல்லாம் வைத்தியம். கொழும்பிலிருந்து வந்த அம்மா ஒருவர், தம்பி என்ன படித்திருக்கிறீர்கள் என்று கேட்டார். எனக்கும் பள்ளிக்கூடத்துக்கும் ஒத்துவரவில்லை, சின்ன வயதிலேயே மரியாதையாகப் பிரிந்துவிட்டோம் என்றேன். அவர் சிரித்தார். அப்படியானால் இதெல்லாம் எப்படித் தெரியும் என்றார். அந்த நேரம் பார்த்து எதிரே ஒரு பஸ் வந்தது, நல்லதாகப் போயிற்று.

எனக்கு ஆறோ ஏழோ வயது. உக்குவளைப் பக்கத்துத் தோட்டத்தை விட்டு வந்து, தம்புள்ளை மரக்கறிச் சந்தைக்குப் பின்னால் ஒரே ஒரு வாடகை அறையில் இருந்தோம். அப்பா சந்தையில் லொறிகளுக்கு மூட்டை ஏற்றினார். ஒருநாள் லொறிப் பலகையிலிருந்து இறங்கும்போது அழுகிய முட்டைக்கோவா இலையில் கால் வைத்தார். வலது கணுக்கால் உள்பக்கமாக மடங்கிவிட்டது. மலை மாதிரி மூட்டைகளைச் சுமந்த மனுஷனை ஒரு இலை கவிழ்த்துப் போட்டது.

எலும்பு முறியவில்லை, சுளுக்குத்தான் என்று ஆஸ்பத்திரியில் படம் பிடித்துச் சொன்னார்கள். கட்டுப் போட்டு, பயிற்சி சொல்லித்தரும் ஒரு மிஸ்ஸிடம் அனுப்பினார்கள். கீழே விரித்த துணியைக் கால்விரலால் சுருட்டி இழுக்க வேண்டும். பெருவிரலால் காற்றில் எழுத்துகள் எழுத வேண்டும். அப்பாவுக்கு எழுதத் தெரிந்தது கையெழுத்து மட்டும்தான். ஆகவே பாயில் மல்லாந்து படுத்துக்கொண்டு, காலால் கையெழுத்துப் போட்டுக்கொண்டே இருந்தார். பல் விளக்கும்போது அடிபட்ட காலில் மட்டும் நிற்கப் பழக வேண்டும் என்றும் சொல்லியிருந்தார்கள். ஒற்றைக்காலில் நிற்பதில் எனக்குப் பள்ளிக்கூடத்து அனுபவம் நிறைய இருந்ததால் நான்தான் அப்பாவுக்கு வாத்தியார். காலையில் குழாயடியில் இரண்டு பேரும் கொக்கு மாதிரி நிற்போம். பக்கத்து அறைக்காரர்கள் ஏதோ நேர்த்திக்கடன் என்று நினைத்தார்கள்.

ஆடாமல் நிற்க வரும்வரை பாரம் தொடக்கூடாது என்று மிஸ் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அப்பா நின்றால் கொடியில் காயும் சேலை மாதிரி ஆடினார்.

மூட்டை தூக்குகிறவர்களின் குழுவுக்குத் தலைவர் ஒரு சிங்களவர். எல்லாருக்கும் அவர் லொக்கு அய்யா, பெரியண்ணன். நல்ல மனுஷன். அறையை எங்களுக்குப் பிடித்துத் தந்ததும் அவர்தான், குழுவில் இருக்கிறவர்களுக்கு மட்டும் என்று உள்ள அறை. ஒரு ஆள் குறைந்தால் அவன் பாரத்தையும் மற்றவர்கள்தான் சுமக்க வேண்டும், பெரிய வெங்காயத்தின் காலம் வேறு நெருங்கிக்கொண்டிருந்தது. அவர் வாழைப்பழச் சீப்பு ஒன்றோடு வந்து வாசலில் நின்றார்.

"அண்ணே, வெங்காயம் வரப்போவுது. நான் எவ்வளவு நாளைக்கு எடத்த வெச்சிக்கிட்டு இருக்க ஏலும்?"

அப்பா சிரித்துக்கொண்டே, அடுத்த கிழமை வந்துவிடுவேன் என்றார். அவர் போன பிறகு அம்மா எங்கள் சாமான்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள்தான் அந்த விளையாட்டு தொடங்கியது. அப்பா குனிந்து என்னைத் தூக்கினார். மற்ற அப்பாக்கள் தூக்குவது போல இல்லை. தலை முதுகுப் பக்கம் தொங்க, கால் முன்பக்கம் கிடக்க, தோளில் குறுக்காகப் போட்டுக்கொண்டார். எனக்கு உலகமே தலைகீழ். கோழிகள் வானத்தில் நடந்தன. சிரிப்புத் தாங்காமல் நான் துள்ளினேன்.

"ஆடாதடா. மூட்டை ஆடுமா?"

உடனே மூட்டையாகிவிட்டேன். மூட்டையாக இருப்பதற்குப் படிப்பு வேண்டியதில்லை. வாசலிலிருந்து குழாயடிவரை போய்த் திரும்புவோம். அப்பாவின் வலது கால் தரையில் படும்போதெல்லாம் அவர் நெஞ்சுக்குள்ளிருந்து 'ஹ்ம்' என்று ஒரு சத்தம் வரும். அது விளையாட்டின் பாட்டு என்று நினைத்து நானும் கூடவே 'ஹ்ம்' போடுவேன். இரண்டு மூன்று நாளில், இது பத்தாது என்று சொல்லி ஒரு பூசணிக்காயையும் என் கையில் கொடுத்துக் கட்டிப்பிடிக்கச் சொன்னார். எனக்கு அது இன்னும் பெரிய குதூகலம். அப்பா இவ்வளவு விளையாட்டுக்காரர் என்று அதுவரை எனக்குத் தெரியாது. பக்கத்து அறைப் பிள்ளைகள் பொறாமையில் வெந்தார்கள்.

அம்மாவுக்கு மட்டும் அந்த விளையாட்டுப் பிடிக்கவில்லை.

"புள்ளைய தூக்குறதும் மூட்டைய தூக்குறதும் ஒண்ணாங்க? அந்த மிஸ்ஸு என்னா சொன்னாங்க?"

"மிஸ்ஸா வந்து நமக்கு எடம் குடுக்கப் போறாங்க?"

அடுத்த கிழமை லொக்கு அய்யா வந்ததும் அப்பா என்னைத் தூக்கித் தோளில் போட்டார், பூசணிக்காயோடு. குழாயடிவரை விறுவிறுவென்று நடந்தார். அன்றைக்கு அவர் நெஞ்சிலிருந்து சத்தம் வரவில்லை. பாட்டை மறந்துவிட்டார் போலிருக்கிறது என்று நினைத்து, தலைகீழாகத் தொங்கிக்கொண்டு நானே அவருக்குப் பதிலாகப் பாடினேன். வலது கால் பட்டது, 'ஹ்ம்'. மறுபடி பட்டது, 'ஹ்ம்'. அப்பா என் தொடையில் கிள்ளினார். லொக்கு அய்யா என் கூத்தைப் பார்த்து வயிறு குலுங்கச் சிரித்தார். அம்மா கதவுக்குப் பின்னால் நின்றாள். அவள் வாய் திறந்து மூடியதைத் தலைகீழாகப் பார்த்தேன்.

அப்பா வேலைக்குப் போய்விட்டார். எனக்கு விளையாட்டு போய்விட்டது. எப்போது மறுபடியும் கால் வீங்கும் என்று நான் கேட்டேன். அம்மாவிடம் வாங்கிய அடி இன்னும் ஞாபகம் இருக்கிறது.

வெங்காயம் வந்து இறங்கிய முதல் கிழமையே, பலகையில் ஏறும்போது அதே கால் மடங்கியது. இந்தத் தடவை மூட்டையும் அவர்மேல் விழுந்தது. லொக்கு அய்யாதான் த்ரீவீலில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாராம். பிறகு எங்களிடம் சொல்ல வந்தவர் வாசலைத் தாண்டவில்லை. அம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தார், ஆனால் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவருக்காக ஒரு தடவை 'ஹ்ம்' போட்டுக் காட்டினேன். அவர் சிரிக்கவில்லை.

அப்பாவின் இடுப்பு போய்விட்டது. வீட்டுக்குக் கொண்டுவந்து பாயில் கிடத்தினார்கள். அம்மா வெங்காயத்தின் வால் வெட்டும் வேலைக்குப் போகத் தொடங்கினாள். சீசன் முடியும்வரை மட்டும் அறையில் இருக்கலாம் என்று சொல்லியிருந்தார்கள். எனக்கு இதெல்லாம் ஒரு பொருட்டில்லை. அப்பா மறுபடியும் வீட்டில், அதுதான் விஷயம். அவர் எழும்பட்டும் என்று பூசணிக்காய்கூட இல்லாமல் பொறுமையாகக் காத்திருந்தேன்.

சுவரைப் பிடித்துக்கொண்டு அவர் முதல்முதலாக எழும்பி நின்ற அன்று, ஓடிப்போய் முன்னால் நின்று இரண்டு கையையும் தூக்கினேன். அப்பா சுவரிலிருந்து கையை எடுத்து என் அக்குளில் கொடுத்தார். என் கால் தரையை விட்டுக் கிளம்பவில்லை. அவர் மறுபடியும் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"நீ பெரிய ஆளாயிட்டடா. பாரமாயிட்ட."

எனக்குத் தலைகால் புரியவில்லை. பூசணிக்காய் இல்லாமலேயே பாரமாகிவிட்டேன். குழாயடிக்கு ஓடினேன். அம்மா அப்போதுதான் வேலையிலிருந்து வந்து குடத்தை வைத்திருந்தாள். நான் வளர்ந்துவிட்டேன், அப்பாவாலேயே என்னைத் தூக்க முடியவில்லை என்று மூச்சு வாங்கச் சொன்னேன்.

குடம் நிறைந்து வழிந்தது, தண்ணீர் அம்மாவின் காலை நனைத்துக்கொண்டு ஓடியது, அவள் அப்படியே நின்றாள். இந்தப் பெரியவர்களுக்கு எல்லாவற்றையும் நாம்தான் பார்க்க வேண்டியிருக்கிறது என்று அலுத்துக்கொண்டு, எக்கி நின்று நானே குழாயை மூடினேன்.