உள்ளங்கையில் கருந்துளை

சித்தூரிலிருந்து திருப்பதி போகும் பஸ்ஸில், புத்தலப்பட்டு தாண்டியதும் பக்கத்து சீட்காரர் தன் போனைக் காட்டினார். திரையில் நான் இருந்தேன். இரண்டு கருந்துளைகள் மோதி விண்வெளியே அதிர்ந்ததைச் சத்தமாக மாற்றி, "ஹெட்போன் மாட்டிக் கேளுங்கள்" என்று நான் போட்ட வீடியோ.

அவர் ஹெட்போன் மாட்டவில்லை. போனை உள்ளங்கையில் வைத்து மறு கையால் மூடி அழுத்திக்கொண்டார். ஐம்பது வயதிருக்கும், காலரில் பஞ்சுத்தூசி.

"நகரியில பவர்லூம் ஓட்டறேன் சார். ரெண்டு காதும் பூடுச்சி" என்று பஸ்ஸே திரும்பிப் பார்க்கும்படி கத்தினார். "நீங்க பேசறது ஒண்ணும் கேக்காது. இது மட்டும் கையில ஆடுது. தெனம் வச்சிப் பாத்துக்கினு இருக்கேன். இன்னா சார் இது?"

எனக்கு வெட்கமாகிவிட்டது. என் போனில் தமிழில் தட்டிக் காட்டினேன்: இது சத்தமே இல்லை, அதிர்வுதான், காதால் கேட்டவர்களைவிட நீங்கள்தான் சரியாக உணர்ந்திருக்கிறீர்கள். கையில் வாங்கி வெகுநேரம் பார்த்தார். தலையாட்டினார். போனை இரு கையாலும் திருப்பித் தந்தார். சந்திரகிரியில் இறங்கிப் போய்விட்டார்.

அடுத்த ஒரு மாதம் உட்கார்ந்து எல்லா வீடியோவுக்கும் தமிழில் சப்டைட்டில் போட்டேன். நகரியிலிருந்து எங்கள் ஆபீசுக்கு வேலைக்கு வரும் நண்பரிடம் பஸ்காரரைப் பற்றிச் சொல்லிக் காட்டினேன். பார்த்துவிட்டுச் சொன்னார்:

"எங்க ஊர்ல பேசறதுதான் தமிழு சார். அந்த வயசு ஆளுங்க படிச்சதெல்லாம் தெலுங்கு இஸ்கூலு. தமிழெழுத்து தெரியாது."

எதைப் படித்து அவ்வளவு மரியாதையாகத் தலையாட்டினார்? இன்றும் போனைக் கைக்குள் மூடிக்கொண்டு, அது என்னவென்று தெரியாமல்தான் உட்கார்ந்திருப்பார்.