பழைய காருக்கு டர்போ பூட்டிய எங்கள் அண்ணன்

எங்கள் அண்ணன் அவர்கள் எங்களைப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. அவரோடு பழகிய உங்கள் கைகளில் இந்த நினைவு மலரை வைக்கும் வேளையில், உடன்பிறந்த தங்கை என்ற உரிமையில் சிலவற்றை எழுதுகிறேன்.

திருச்சுழிக்குத் தெற்கே, மானாவாரி நிலத்தை நம்பிய குடும்பத்தில் அண்ணன் மூத்தவராகப் பிறந்தார். மழை பொய்த்த காலத்தில் பள்ளியை விட்டு, அருப்புக்கோட்டையில் ஒரு மோட்டார் ஒர்க்‌ஷாப்பில் சேர்ந்தார். அவர் உழைப்பில்தான் நான் படித்து ஆசிரியரானேன். திருமணத்துக்குப் பின் பழைய டீசல் கார் ஒன்றை வாங்கி, ஸ்டாண்டில் நிறுத்தி வாடகைக்கு ஓட்டினார். அண்ணனுக்கும் மதினிக்கும் அந்த ஒரு வண்டிதான் பிழைப்பு.

நம் பக்கத்துச் சமதளத்தில் குறையில்லாமல் ஓடிய வண்டி, கொடைக்கானல் ஏற்றத்தில் ஒருமுறை இழுக்க மாட்டாமல் நின்றுவிட்டது. சவாரி வந்த பெரியவர் முழங்கால் வலியோடு இறங்கி நடக்க வேண்டியதாயிற்று. அவர் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அண்ணனுக்குத்தான் வீடு திரும்பியும் சோறு இறங்கவில்லை. "நம்பி ஏறின மனுசரை நடக்க விட்டுட்டேனே" என்று சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனார்.

வேறு வண்டி வாங்க வழியில்லை. மதுரையில் பழைய வண்டிகளைப் பிரித்து விற்கும் கடையிலிருந்து, விபத்தில் நொறுங்கிய வேனின் டர்போவை மலிவாக வாங்கி வந்தார். எஞ்சின் வெளியே தள்ளும் புகையின் வேகத்தில் சுழன்று, எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும் சாமான் அது.

"நொறுங்கின வண்டிச் சாமானை ஓடுற வண்டியில பூட்டணுமா? இருக்கதும் போயிரும்ங்க" என்றார் மதினி. அண்ணன் கேட்கவில்லை.

சில வாரம் வண்டி பறந்தது. அந்த மகிழ்ச்சியில் காற்றையும் டீசலையும் இன்னும் கூட்டி வைத்தார். ஒரு பெண் வீட்டாரை விருதுநகர் கல்யாணத்துக்கு ஏற்றிச் சென்றபோது, பாலவனத்தம் தாண்டியதும் எஞ்சின் சூடு தாங்காமல் பிஸ்டன் உருகிவிட்டது. பட்டுச்சேலையும் சீர்த்தட்டுமாக அவர்கள் ரோட்டில் நின்று, வந்த பஸ்ஸில் ஏறிப் போனார்கள். அன்று மாலையே அண்ணன் மண்டபத்துக்குப் போய்ப் பெண்ணின் தகப்பனார் முன் கைகூப்பி நின்றார். "முகூர்த்தம் தப்பல. நீங்க மொதல்ல சாப்புடுங்க" என்று அவர் பந்தியில் உட்கார வைத்தாராம். அந்த இலையில் உட்கார்ந்ததைச் சொல்லும்போதெல்லாம் அண்ணனுக்குக் கண் கலங்கும்.

வண்டி மாதக்கணக்கில் படுத்துவிட்டது. மதினி ஜவுளிக்கடைக்கு வேலைக்குப் போனார். அண்ணன் கூலிக்கு லோடு வண்டி ஓட்டிக்கொண்டே எஞ்சினைச் சரிசெய்தார். டர்போவைத் தூக்கிப் போடுவார் என்றுதான் நினைத்தோம். ஆனால் காற்றின் அழுத்தத்தைப் பாதியாகக் குறைத்து, அதையே மறுபடி பூட்டினார். இம்முறை மதினி தடுக்கவில்லை. ஒன்றே ஒன்று சொன்னார்.

"மொத ஏத்தத்துக்கு நான் வாரேன். நின்னா என்னோட நிக்கட்டும். ஊராரோட நிக்க வேணாம்."

பயணிகளுக்குப் பதிலாக நெல் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு இருவரும் கொடைக்கானல் புறப்பட்டார்கள். வண்டி எங்கும் நிற்காமல் மேலே போய்ச் சேர்ந்தது. இறங்கியதும் மதினி, "ஒரு டீ வாங்கித் தாங்க" என்றாராம். அதன்பின் அண்ணன் வண்டியிலிருந்து எவரும் இறங்கி நடக்க நேரவில்லை.

கடைசிக் காலத்தில் அண்ணனின் இருதயம் தளர்ந்தது. ஓட்டக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மதினி ஸ்டாண்டு நண்பர்களிடம் ஓட்டப் பழகி லைசென்ஸ் எடுத்து, அண்ணனை மதுரை ஆஸ்பத்திரிக்கு அதே வண்டியில் அழைத்துப் போய் வந்தார். பக்கத்து இருக்கையில் அண்ணன், "கியரைக் குறை, பிரேக்கை மிதி" என்று சொல்லிக்கொண்டே வருவார். கடைசியாக ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியபோது நான் பின்னால் இருந்தேன். அன்று அண்ணன் எதுவும் சொல்லாமல் தூங்கிவிட்டார். பிறர் ஓட்டும் வண்டியில் அவர் கண்ணயர்ந்ததை அதுவரை நான் கண்டதில்லை. அந்த வாரமே, வீட்டில், அமைதியாக அவர் உயிர் பிரிந்தது.

எங்கள் துயரில் முதல் ஆளாக வந்து நின்ற ஸ்டாண்டு ஓட்டுநர்களுக்கும், மருத்துவம் பார்த்தவர்களுக்கும், நரிக்குடியிலிருந்து வந்த சொந்தங்களுக்கும், சாப்பாடு சமைத்து வந்த அண்டை வீட்டாருக்கும் எங்கள் குடும்பத்தின் கைகூப்பிய நன்றி. பழைய வண்டியை இன்னும் ஏன் வைத்திருக்கிறீர்கள் என்று அக்கறையோடு கேட்கும் உறவினர்களுக்கு, மதினி சொன்ன பதிலையே இங்கு எழுதுகிறேன்:

"வாற வாரம் கொடைக்கானலுக்குச் சவாரி சொல்லியிருக்காக. நான்தான் போறேன்."