அக்காவின் பெயரில் ஓடிய சூதாட்டம்

லாட்ஜுகளின் படுக்கை விரிப்புகளைத் துவைத்துத் தேய்த்துக் கொடுக்கும் சலவைக்கூடத்தில் அவளைக் கடுகு என்றுதான் கூப்பிடுவார்கள். ஆள் சிறுசு, கோபம் வந்தால் வெடித்துவிடுவாள். குடித்துவிட்டுக் கை ஓங்கிய புருஷனின் மண்டையைப் பால் குண்டானால் உடைத்து, அன்றைக்கே அவனைத் தெருவில் விட்டவள். அதன் பிறகு அவளுக்கென்று மிச்சமிருந்தது ஒரே ஒரு தம்பி. அம்மா போனபின் அவனைத் தூக்கி வளர்த்தவள் அவள்தான். அவன் எந்த வேலையிலும் ஒட்டவில்லை. பிறகு ஏதோ கம்ப்யூட்டர் வேலை என்றான், புது பைக்கில் வந்து இறங்கினான். சம்பளத்தைப் பத்திரமாகப் போட்டுவைக்கலாம் என்று சொல்லி அவள் பெயரில் ஒரு வங்கிக் கணக்குத் திறந்து, அட்டையையும் சிம்மையும் தானே வைத்துக்கொண்டான். அவள் அதைப் பற்றி யோசிக்கக்கூட இல்லை.

ஒரு மதியம் அவள் நீராவி இஸ்திரிப்பெட்டியோடு மேசையருகில் நின்றிருந்தபோது ஒரு பஸ் டிரைவர் உள்ளே வந்தார். கையிலிருந்த போனைப் பார்த்து, அப்பா பெயரோடு சேர்த்து அவள் முழுப்பெயரைப் படித்து, அது யார் என்று கேட்டார். தான்தான் என்றாள். அவர் இடுப்பிலிருந்து வீல் ஸ்பேனரை உருவினார்.

முதல் அடி தோளில் விழுந்தது. காரை எலும்பு முறிந்த சத்தம் அவள் காதுக்கே கேட்டது. இரண்டாவது அடி தலைக்கு வந்தது. அவள் குனிந்துகொண்டதால் மேசை விளிம்பு சிதறியது.

"எம் பொண்டாட்டி மருந்தக் குடிச்சிட்டு ஆஸ்பத்திரில கெடக்கா. வீட்ட வித்த காசு பூரா உங்கிட்டதான் வந்துச்சு. நீ இங்க நின்னு துணி தேய்க்கிறியா?"

அவர் மறுபடி கை ஓங்கினார். அவள் இடது கையால் இஸ்திரிப்பெட்டியை எடுத்து அவர் முழங்கையில் வைத்து அழுத்தினாள். அவர் அலறினார். அவள் எடுக்கவில்லை. சதை கருகும் வாடை கூடம் முழுக்கப் பரவியபிறகு, நான்கு பேர் சேர்ந்துதான் இருவரையும் பிரித்தார்கள்.

ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்ட கையோடு இருந்தபோதுதான் இன்ஸ்பெக்டர் அவளுக்கு விஷயத்தைச் சொன்னார். போனில் ஒரு சக்கர ஆட்டம். முதலில் கொஞ்சம் கட்டினால் ஜெயிக்கவிடும், ஜெயித்ததைக் கையிலும் கொடுக்கும். ஆள் ருசி கண்டு பெரிதாகக் கட்டியதும் சக்கரம் திரும்பிக்கொள்ளும். தப்பித்தவறிப் பெரிதாக ஜெயித்தாலும் பணம் வராது, 'சரிபார்ப்புக்கு' என்று இன்னும் கட்டச் சொல்லும். கட்டுகிற பணம் அவளைப் போன்ற யாரோ ஒருவரின் கணக்கில் விழுந்து, சில நிமிடங்களில் வேறு கணக்குகளுக்குத் தாவி, கடல் தாண்டிப் போய்விடும். நடத்துகிறவர்கள் எங்கோ ஒரு தீவில் முறைப்படி உரிமம் வாங்கி வைத்திருக்கிறார்கள். கட்டும்போது திரையில் தெரிவது கணக்குக்காரரின் பெயர் மட்டும்தான். டிரைவர் பணத்தை ஏற்றிய இடத்தில் அவள் பெயர் இருந்தது. அதை வைத்து ஊரெல்லாம் விசாரித்துத்தான் அவர் சலவைக்கூடத்துக்கு வந்திருந்தார்.

டிரைவர் ஏன் முதலிலேயே போலீசுக்கு வரவில்லை என்று கேட்டாள்.

"ஆடுறதே குத்தம்மா. புகார் குடுத்தா அவரும்தான் மாட்டணும். அதான் நெறைய பேரு இங்க வர்றதில்ல. கையில கெடைக்கிறவங்கள அடிக்கிறாங்க." மறுநாள் ஸ்டேஷனுக்கு வரச் சொல்லிவிட்டுப் போனார்.

அந்த ஆட்டத்துக்கு ஊரில் கண்ணுக்குத் தெரிந்த உடம்பு அவளுடையது ஒன்றுதான். அடி விழுந்தது அதனால்தான் என்று அவளுக்குப் புரிந்தது.

வீட்டுக்குப் போனபோது தம்பி பையில் போன்களை அடுக்கிக்கொண்டிருந்தான். கட்டிலில் ஏடிஎம் அட்டைகள் சிதறிக் கிடந்தன, ஒவ்வொன்றிலும் ஒரு பெயர். அதில் பக்கத்து வீட்டுக்காரியின் பெயரும் இருந்தது.

"என் பேர யாருக்குடா வித்தே?"

அவன் பொய் சொல்லவில்லை. "கணக்குக்கு வாடக தர்றாங்கக்கா. நான் ஆடல, யாரையும் ஆட வைக்கல. கணக்கு உன்னோடது. நீயே தெரிஞ்சு குடுத்ததா சொல்லிடு. பொம்பளன்னு சீக்கிரம் விட்ருவாங்க."

அவன் பெயரைத்தான் சொல்லப்போவதாக அவள் சொன்னாள். அவன் அவளைச் சுவரோடு தள்ளி, கட்டுக்கு மேலேயே கட்டைவிரலை வைத்து முறிந்த எலும்பை அழுத்தினான். அவள் கண் இருட்டியது. சொல்ல மாட்டேன் என்று சொல்லும்வரை அழுத்தினான். சொன்னாள். அவன் பையை எடுக்கத் திரும்பிய நேரத்தில் வெளியே பாய்ந்து கதவை இழுத்துச் சாத்தினாள். தாழ்ப்பாள் பாதிதான் விழுந்தது. முதுகைக் கதவில் முட்டுக்கொடுத்து உட்கார்ந்தபடி, போலீசைக் கூப்பிடச் சொல்லிப் பக்கத்து வீட்டுக்காரியைப் பார்த்துக் கத்தினாள்.

உள்ளேயிருந்து அவன் உதைத்தான். ஒவ்வொரு உதையும் பலகை வழியே வந்து அவள் தோளில் இறங்கியது. நடுவில் நிறுத்திவிட்டுச் சின்ன வயதுக் குரலில் கெஞ்சினான்.

"அக்கா, தொறக்கா. எங்கயாச்சும் ஓடிப்போயிடறேன். இந்தப் பக்கமே வரமாட்டேன்."

அவள் முதுகை இன்னும் அழுத்தி முட்டுக்கொடுத்தாள். செத்துத் தொலை என்று சொல்லி அவன் மறுபடி உதைத்தான். எலும்பு கட்டுக்குள் நகர்ந்தது, உதட்டைக் கடித்ததில் வாய் முழுக்க ரத்தம். ஜீப் வந்து நின்றபோது அவளைக் கதவிலிருந்து தூக்கித்தான் எடுக்க வேண்டியிருந்தது.

கணக்கு அவள் பெயரில் இருந்ததால் அவளையும் குற்றவாளியாகச் சேர்த்த வழக்கு இழுத்தது. பணம் திரும்ப வருமா என்று டிரைவர் கேட்டதற்கு, சூதில் விட்டதைக் கேட்டு வழக்குப் போட முடியாது என்று வக்கீல் கையை விரித்துவிட்டார். ஆடினேன் என்று ஒப்புக்கொண்டால் அதற்கும் தண்டனை உண்டு என்று எச்சரித்தார். அப்படியும் டிரைவர் கூண்டேறினார். தீய்ந்த கையைத் தூக்கிச் சத்தியம் செய்து, தான் ஆடியதையும், கட்டிய விதத்தையும், பெயரைக் கேட்டதும் ஒளிக்காமல் தான்தான் என்று சொன்ன, ஒன்றும் தெரியாத ஒரு பொம்பளையை அடித்ததையும் சொன்னார். அந்தச் சாட்சிதான் அவளை விடுவித்தது. அடித்ததற்காக அவர் உள்ளே போனார், வேலையும் போனது. அவர் மனைவி பிழைத்துக்கொண்டாள், ஆனால் குரல் திரும்பவில்லை. தம்பிக்கு நீண்ட தண்டனை. ஆட்டத்தை நடத்தியவர்களோ, இது அதிர்ஷ்டமே இல்லை, திறமை விளையாட்டு, சூதாட்டச் சட்டம் எங்களுக்குப் பொருந்தாது என்று பெரிய கோர்ட்டில் இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். வேறு பெயரில், வேறு யாருடைய கணக்கிலோ சக்கரம் சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது.

அவள் சிறைக்குப் பார்க்கப் போனபோது தம்பி கம்பிவலைக்கு அந்தப் பக்கம் வந்து உட்கார்ந்தான்.

"அன்னிக்கு ஒரு தடவயாச்சும் தொறக்கணும்னு தோணுச்சா?"

"ஒவ்வொரு ஒதைக்கும் தோணுச்சு."

அவன் எழுந்து உள்ளே போய்விட்டான். அடுத்த மாதமும் போனாள். அவன் வரவில்லை.