ஆடி மாதம் ஏலகிரிக்குப் போன வேன்

நேசன் அண்ணன் இறந்த செய்தி மதியச் சாப்பாட்டு நேரத்தில் எனக்கு வந்தது. தேர்வாய் கண்டிகையில் நான் வேலை பார்க்கும் கம்பெனியில் கைப்பேசியை உள்ளே கொண்டுபோக விடமாட்டார்கள். லாக்கரைத் திறந்து பார்த்தபோது அவருடைய மனைவி ஸ்டெல்லா அக்கா விடாமல் அழைத்திருந்தது தெரிந்தது. திருப்பி அழைத்தேன்.

"உங்க அண்ணன் பூட்டாருடி கலா. ஸ்டேஷனாண்ட ஷேர் ஆட்டோவ போட்டுக்கினு ஒக்காந்துகினு இருந்தாரு. ஆளுங்க ஏறி ஒக்காந்து, போலாம்ணான்னு சொல்லியிருக்காங்க. வண்டி கெளம்பல," என்றார். நான் சாப்பாட்டு டப்பாவை மூடிவிட்டு சூப்பர்வைசரிடம் சொல்லிக்கொண்டு கிளம்பினேன்.

கும்மிடிப்பூண்டியில் எங்கள் தெருமுனையில் இறங்கியதும் முதலில் கண்ணில் பட்டது ஃப்ளெக்ஸ். அண்ணன் ஆள் உயரத்துக்குச் சிரித்துக்கொண்டிருந்தார். 'தொழிலாளர்களின் தோழர், தன்னலமற்ற தொண்டர்' என்று எழுதியிருந்தது. கீழே அதை வைத்தவர்களின் படங்கள், கும்பிட்டபடி. அத்தனை முகங்களையும் எனக்குத் தெரியும். 'ராசி கெட்ட வண்டி, ஏறாதீங்க' என்று வீடு வீடாகப் போய்ச் சொன்ன முகங்கள் அவை.

ஷேர் ஆட்டோ சங்கத்துத் தம்பிகள் அண்ணனின் நினைவு மலருக்கு எழுதித் தரச் சொன்னார்கள். "இது அஞ்சலிக் கட்டுரை அக்கா, கொஞ்சம் பார்த்து எழுதுங்க," என்றும் சொன்னார்கள். பார்த்துத்தான் எழுதுகிறேன். அவரைப் பற்றிய நல்லதை மட்டும்தான் எழுதப்போகிறேன். அதை எழுதும்போது, தெருக்காரர்களே, உங்களில் சிலரைப் பற்றிய கெட்டதும் கூடவே வரும். வரட்டும்.

அவரை ஷேர் ஆட்டோக்காரராக மட்டும் தெரிந்தவர்களுக்குச் சொல்கிறேன். ஒரு காலத்தில் தேவநேசன் என்ற அந்த மனிதரிடம் சொந்தமாக ஒரு வேன் இருந்தது. தொழிற்பேட்டைக்கு ஆட்களை ஏற்றிப்போய் இறக்கும் ஒப்பந்த வேன். வாய் ஓயாமல் பேசுவார். சிரிப்பு வரும் இடத்துக்கு முன்பாகவே தானே சிரித்துவிடுவார், அதனால் அவர் சொன்ன எந்த நகைச்சுவையும் யாருக்கும் முழுதாகக் கிடைத்ததில்லை. வண்டியைக் கழுவ மாட்டார். ஸ்டெல்லா அக்கா திட்டினால், "மழ வரும்டி," என்பார்.

பிகாரிலிருந்து வந்து வேலை செய்யும் பையன்களை ஒரு ஞாயிற்றுக்கிழமை சினிமாவுக்கு ஏற்றிப்போனவர், தானும் உள்ளே போய் உட்கார்ந்துவிட்டார். இந்திப் படம். புதிதாகக் கல்யாணமான ஜோடிகள் பலர் ஒரே பேருந்தில் தேனிலவுக்குப் போகிறார்கள், ஒவ்வொரு ஜோடிக்கும் ஒரு கூத்து. அண்ணனுக்கு இந்தியில் 'சலோ' தவிர ஒரு வார்த்தை தெரியாது. ஆனால் மறுநாளிலிருந்து ஒரு வாரம் வேனில் அந்தக் கதைதான் ஓடியது. இந்த ஜோடிக்கு இதனால் சண்டை, அந்த மாப்பிள்ளை இதனால் அழுதான் என்று விவரமாகச் சொன்னார். அதே படத்தைப் பார்த்த பிகார்ப் பையன் முகேஷ் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"அண்ணா, அந்த ஸ்டோரி வேற அண்ணா. நீங்க சொல்றது வேற."

"எது நல்லாகீது, அதச் சொல்லுடா மொதல்ல," என்றார் அண்ணன்.

அந்தக் கதையைச் சொல்லிச் சொல்லித்தான் அவருக்குப் புது ஜோடிகளை வேனில் ஏற்றிப்போகும் எண்ணம் வந்தது. இன்னொரு காரணம் நானும் என் கணவர் குணாவும்.

எங்களுக்குக் கல்யாணமாகி நான்கைந்து மாதம் ஆகியிருந்தது. குணாவுக்கு இரும்புக் கம்பி உருட்டும் மில்லில் இரவு ஷிப்ட். எனக்கு அதே தொழிற்பேட்டையில் வேறொரு கம்பெனியில் பகல் ஷிப்ட். அவருக்கு மாறும் வாரத்தில் எனக்கும் மாறிவிடும். காலையில் அண்ணன் வேனிலிருந்து அவர் இறங்குவார், நான் ஏறுவேன். மாலையில் நான் இறங்குவேன், அவர் ஏறுவார். வார விடுப்பும் ஒரே நாளில் கிடையாது. வீடு ஒரே அறை, அதில் மாமியாரும் உண்டு. நாங்கள் புருஷன் பெண்டாட்டியாகப் பேசிக்கொண்டது முக்கால்வாசி தெருமுனையில்தான்.

அண்ணன் இதைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். ஒருநாள் நான் ஏறும் நேரத்தில் வண்டியை அணைத்துவிட்டு, "ஸ்டார்ட் ஆவலப்பா, கொஞ்சம் பொறுங்க," என்றார். நானும் குணாவும் வாசலருகில் நின்று பேசினோம். பேசி முடித்ததும் வண்டி கிளம்பியது. அதன்பிறகு அந்த வேன் எங்கள் தெருமுனையில் மட்டும் அடிக்கடி மக்கர் செய்தது. உள்ளே இருந்தவர்களுக்கும் விஷயம் புரிந்து, "அண்ணா, பேட்டரி வீக்கா?" என்று கேலி செய்வார்கள்.

அந்த வருடம் எங்கள் பக்கத்துத் துணைமின் நிலையத்தில் ஏதோ பெரிய வேலை என்று மில்லையும் என் கம்பெனியையும் ஒரே சமயத்தில் மூடினார்கள். முதன்முறையாக எங்கள் இருவருக்கும் சேர்ந்தாற்போல் விடுப்பு. ஆனால் அது ஆடி மாதம். கல்யாணமாகி முதல் ஆடி. என் அப்பா சீர்வரிசைத் தட்டோடு வந்து என்னைப் பொதட்டூர்பேட்டைக்கு அழைத்துப்போய்விட்டார். ஆடியில் சேர்ந்தால் சித்திரையில் பிள்ளை பிறக்கும், சித்திரைப் பிள்ளை குடும்பத்துக்கு ஆகாது. எல்லோருக்கும் தெரிந்த கணக்கு.

அண்ணனுக்கும் தெரியும். எங்களைப்போல விடுப்பு கிடைத்த இன்னும் மூன்று புது ஜோடிகளைச் சேர்த்துக்கொண்டு ஏலகிரிக்குப் போக ஏற்பாடு செய்தார். முகேஷும் அவன் மனைவி சுனிதாவும் அதில் ஒரு ஜோடி. "கோயிலுக்குன்னு சொல்லிடலாம்ணா, ஊட்ல ஒண்ணும் சொல்ல மாட்டாங்க," என்று குணா யோசனை சொன்னாராம்.

"சாமி பேர்ல நான் பொய் சொல்ல மாட்டேன். கட்டுன பொண்டாட்டிய கூட்டிக்கினு போறதுக்கு இன்னாத்துக்குடா பொய்யி?" என்று கேட்டுவிட்டு நேராக என் மாமியாரிடமே போய்ச் சொல்லியிருக்கிறார். மாமியார் ஒரு மூச்சு ஏசினார். அண்ணன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, "யம்மா, ஆடியில பிரிச்சி வெக்கிறது மத்த பதினோரு மாசம் சேந்து இருக்கறவங்களுக்கு. இதுங்கள கம்பெனிக்காரனே வருசம் பூரா பிரிச்சி வெச்சிக்கினு கீறான். நீ வேற இன்னாத்துக்கு?" என்றார். அது தெரு முழுக்கக் கேட்டது. தெருவில் யாரும் அதை மறக்கவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

மறுநாள் காலை பொதட்டூர்பேட்டையில் எங்கள் வீட்டு வாசலில் வேன் வந்து நின்று ஹாரன் அடித்தது. அப்பா வயலிலிருந்து வந்து கால் கூடக் கழுவவில்லை. "யாருப்பா நீ? ஆடியில எம்பொண்ண இட்னு போறதுக்கு?" என்று எகிறினார். குணா தலையைக் குனிந்துகொண்டு நின்றார். நான், "நைனா, நான் போறேன்," என்றேன். அப்படி நான் அவரிடம் பேசியது அதுதான் முதல் தடவை. அப்பா அசையவில்லை. அம்மா உள்ளே போய் என் பையை எடுத்துவந்து, வேனில் கூட வந்திருந்த ஸ்டெல்லா அக்காவின் கையில் கொடுத்தார்.

ஏலகிரி மலையில் ஒரு கொண்டைஊசி வளைவில் வண்டி சூடேறி நின்றுவிட்டது. இந்தமுறை பொய்யில்லை. நான்கு மாப்பிள்ளைகளும் வெள்ளைச் சட்டையோடு தள்ளினார்கள். லாட்ஜ்காரன் எங்கள் கூட்டத்தைப் பார்த்துச் சந்தேகப்பட்டு, கல்யாணமானதற்கு அத்தாட்சி கேட்டான். நாங்கள் தாலியை எடுத்துக் காட்டினோம். சுனிதாவிடம் தாலி இல்லை, வகிட்டில் குங்குமம்தான். அது செல்லாது என்றான். அண்ணன் அவனோடு மல்லுக்கு நின்றார். "அவங்க ஊர்ல அதான்யா தாலி! உனுக்குத் தெரியலன்னா அவ கல்யாணம் ஆவாதவளா?" கடைசியில் நான்கு அறை கிடைத்தது. அண்ணனும் அக்காவும் வேனிலேயே படுத்துக்கொண்டார்கள். "இருவது வருசத்துல எனுக்கும் இதான் அனிமூனு, அதுவும் டீசல் நாத்தத்துல," என்று காலையில் அக்கா சொன்னபோது எல்லோரும் சிரித்தோம்.

குணா தூங்கி வழியாமல் பகலில் நடமாடி நான் பார்த்தது அந்த மூன்று நாள்தான். அவருக்குப் பாடத் தெரியும் என்பதே அங்கேதான் எனக்குத் தெரிந்தது.

சித்திரையில் எங்களுக்கு மகள் பிறந்தாள். ஆமாம், சித்திரையில்தான். மகளுக்குப் பல் முளைக்கும் முன் குணா மில்லில் இறந்தார்.

எப்படி இறந்தார் என்பதைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த ஊர் அதை வேறுமாதிரிச் சொல்லிக்கொண்டிருக்கிறது. மில்லில் செக்கச்சிவந்த கம்பி உருளைகளுக்கு நடுவில் ஓடும். சில சமயம் தடம் தவறி வெளியே பாயும். அது ஆள்மேல் பாயாமல் இருக்கப் பக்கத்தில் கனமான இரும்புத் தகடு நிற்க வேண்டும். அந்தத் தகட்டைப் பழுது பார்க்கக் கழற்றியவர்கள் திரும்ப மாட்டவில்லை. உற்பத்தியை நிறுத்த மனமில்லை. பையன்கள் தினமும் வேனில் அதைச் சொல்லிப் பயந்துகொண்டே வேலைக்குப் போனார்கள். கம்பி பாய்ந்த இடத்தில் என் கணவர் நின்றிருந்தார்.

சாவு வீட்டில் என் மாமியார், "சித்திரையில பொறந்து எம்புள்ளைய முழுங்கிட்டியே," என்று குழந்தையைப் பார்த்து அழுதார். பெற்றவர், பித்துப் பிடித்து அழுதார், அவரை நான் அன்றே மன்னித்துவிட்டேன். ஆனால் மாலை கொண்டுவந்த மில் அதிகாரி அதைக் கேட்டுக்கொண்டு நின்றாரே, அவருடைய முகம் தெளிந்ததை நான் பார்த்தேன். தலையை ஆட்டி, "எல்லாம் நேரம்மா. குழந்தை பிறந்த நேரம் அப்படி. யார் என்ன செய்ய முடியும்?" என்றார். சுற்றி நின்றவர்கள் ஆமாம் ஆமாம் என்றீர்கள். உங்களில் மில்லில் வேலை செய்தவர்களும் இருந்தீர்கள். தகடு இல்லை என்று தெரிந்தவர்களும் இருந்தீர்கள்.

ஒரே ஒரு ஆள் வாயைத் திறந்தார்.

"நேரமா சார்? அங்க நின்ன தகடு எங்க சார்?"

"சாவு ஊட்ல இன்னாய்யா நாயம் பேசிக்கினு கீற," என்று அவரை இழுத்துப்போனீர்கள். யாரோ, "ஆடியில ஜோடி சேத்து இட்னு போனவன்தானே இவன்," என்று ஆரம்பித்தார். போதாதா? அந்தக் கணத்திலிருந்து குணாவைக் கொன்றது பால்குடிக்கும் குழந்தையும் வேன் ஓட்டியவரும் என்று ஆகிவிட்டது. இரும்பு மில்லுக்கு ஒரு கெட்ட பெயரும் இல்லை.

அந்த மாதமே அண்ணனின் ஒப்பந்தத்தை மில் நிறுத்தியது. கல்யாணச் சவாரிக்கு அவரைக் கூப்பிடுவதை நீங்கள் நிறுத்தினீர்கள். அவர் என்னைத் தொழிலாளர் அலுவலகத்துக்கும் நீதிமன்றத்துக்கும் அதே வேனில் அலைந்து கூட்டிப்போனார். குணாவுக்குப் பக்கத்தில் நின்று வேலை செய்த முகேஷைச் சாட்சி சொல்லச் சம்மதிக்க வைத்தார். முகேஷின் வேலையும் போயிற்று, அவன் அத்திப்பட்டுப் பக்கம் கூலி வேலைக்குப் போனான். வருடங்கள் கழித்துத் தீர்ப்பு வந்தது. தகடு இல்லாததுதான் காரணம் என்று நீதிமன்றம் சொன்னது. அதற்குள் அண்ணன் வேனை விற்றுவிட்டு வாடகை ஷேர் ஆட்டோவுக்கு வந்திருந்தார். தீர்ப்பு வந்த நாளில் இந்தத் தெருவிலிருந்து ஒருவர், ஒரே ஒருவர், அவர் வீட்டுக்குப் போய் 'தப்பாப் பேசிட்டோம் நேசா' என்று சொன்னீர்களா? உங்களைத்தான் கேட்கிறேன்.

அண்ணன்மேலும் எனக்குக் கோபம் உண்டு. திருப்பிக் கேளுங்கள், சண்டை போடுங்கள் என்று எத்தனையோ முறை சொன்னேன். மில்லோடு மோதியவர் உங்களோடு மோதவில்லை. "வாய் வலிச்சா நிறுத்திடுவாங்கமா," என்றார். உங்களுக்கு வாய் வலிக்கவேயில்லை.

மகள் நான்காவது படிக்கும்போது, பள்ளியில் ஒருத்தி, 'நீ அப்பாவ முழுங்கினவ' என்று சொல்லிவிட்டாள். வீட்டுக்கு வந்து என்னிடம் கேட்கவில்லை. அண்ணனிடம் போய்க் கேட்டிருக்கிறாள். அவர் சமாதானம் எதுவும் சொல்லாமல் அவளை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு மில்லுக்குப் பின்பக்கச் சாலைக்குப் போயிருக்கிறார். அங்கே கொட்டகைக்குச் சுவர் கிடையாது, வேலிக்கு வெளியே நின்றால் சிவப்புக் கம்பி ஓடுவது தெரியும். பக்கத்தில் மஞ்சள் வர்ணம் அடித்த புதுத் தகடும் தெரியும். அதைக் கைகாட்டி, "அத்த நல்லா பாத்துக்கோ. உங்கப்பன் செத்தப்புறம் மாட்டுனானுங்க. முன்னாடியே மாட்டியிருந்தா உங்கப்பன் இருந்திருப்பான், நீ எந்த மாசத்துல பொறந்திருந்தாலும்," என்றிருக்கிறார். அன்று இரவு சாப்பிடும்போது அவள் இதை என்னிடம் சொன்னாள். நான் அத்தனை வருடம் அவளுக்குச் சொல்லத் தெரியாமல் தவித்ததை அவர் சொல்லியிருந்தார்.

அண்ணனை அடக்கம் செய்த அன்று கல்லறைத் தோட்டத்தில் எல்லோரும் ஒரு பிடி மண் போடும்போது மகளும் முன்னால் போனாள். இப்போது ஆறாவது படிக்கிறாள். எங்கள் தெருப் பெரியம்மா ஒருவர், ஃப்ளெக்ஸில் கும்பிட்டு நிற்பவர்களில் ஒருவருடைய தாயார், அவளுடைய கையைப் பிடித்து இழுத்து, "நீ வாணாம்மா, நீ சித்திரையில பொறந்தவ, தள்ளி நில்லு," என்றார். நான் பாய்ந்து போவதற்குள் மகள் கையை விடுவித்துக்கொண்டாள்.

"எங்கப்பா செத்தது தகடு இல்லாததால பாட்டி. வேணும்னா வாங்க, காட்டுறேன்," என்றாள். அழவில்லை, குரலை உயர்த்தவும் இல்லை. போய் மண்ணைப் போட்டாள். அதைக் கேட்டவர்கள் கேட்டீர்கள்.

நேசன் அண்ணனிடமிருந்து எனக்கு மிஞ்சியது அதுதான்: தன்னைச் சபித்தவர்களுக்கு நேராக நின்று பதில் சொல்லத் தெரிந்த ஒரு மகள். மலரில் போட ஒரு வரி வேண்டும் என்றால் இந்த வரியைப் போடுங்கள். ஃப்ளெக்ஸை மட்டும் இன்றைக்கே கழற்றிவிடுங்கள். நீங்கள் கழற்றாவிட்டால் நாளைக் காலை வேலைக்குப் போகும்முன் நான் கழற்றுவேன்.